செவிடர் வீட்டு மரம்

அமதோர் வோசெஸுக்கு ஒரு செஸ்ட்நட் மரம் சொந்தம். அது நின்ற மண் சொந்தமில்லை. எங்கள் மெதுலாஸ் மலைப் பக்கத்தில் அதுதான் வழக்கம். ரோமானியர் தண்ணீரைப் பாய்ச்சி உடைத்துத் தங்கம் எடுத்த மலை ஊருக்குப் பொது. அதில் மரம் நட்ட வீட்டுக்கு மரம். அடையாளம் பட்டையில் செதுக்கியிருக்கும். அவர் வீட்டுக்கு இரண்டு கோடு, ஒரு வளையம்.

அமதோர் 1949 மார்ச் 2 அன்று பிறந்தார். கற்பலகை வெட்டும் குவாரியில் முப்பத்தொரு வருடம் வேலை செய்தார். ஏழு வயதில், ஆலங்கட்டி மழையில், அவரும் அவர் அம்மாவும் அந்த மரப்பொந்துக்குள் நின்று பிழைத்தார்கள். மனைவி எர்மினியா இறந்த பிறகு, தினமும் காலையில் அங்கேதான் போய் உட்கார்ந்தார்.

போன ஆகஸ்டில் தீ வந்தது. பட்டை கரிந்து அடையாளம் அழிந்தது. தீ அணைந்த இருபத்துமூன்றாம் நாள் அடிமரத்தில் பதினொரு துளிர் விட்டிருந்தது. நானே எண்ணினேன்.

அக்டோபரில் ஒரு பெண் அதிகாரி வந்தார். பார்வையாளர் பாதையோரம் எரிந்த மரங்களை இயந்திரம் வைத்து வேரோடு எடுக்க உத்தரவு. மரத்துக்காரர் எழுத்துச் சான்று காட்டினால் மேல்பகுதியை மட்டும் வெட்டிவிட்டு அடிமரத்தை விட்டுவிடுவார்களாம்.

சான்று என்னிடம் இருந்தது. 1983 முதல் ஊர் மரங்களை நான்தான் பதிவு செய்கிறேன். எடுத்துக் கொடுத்தேன். மரம் 212. சுற்றளவு 6.42 மீட்டர். உரிமை: செவிடர் வீடு.

"வோசெஸ்னு எங்கயும் இல்லையே ஐயா," என்றார் அதிகாரி.

"செவிடர் வீடுன்னா இவரு வீடுதாம்மா. இவரோட பூட்டன் செவிடு. ஊருக்கே தெரியும்."

"ஊருக்குத் தெரிஞ்சா போதாதுங்களே."

அமதோர் குறுக்கிட்டார்: "நான் வேணா திரும்பி நிக்கிறேன். நீ கத்து. திரும்பலேன்னா எழுதிக்க."

அதிகாரி சிரித்துவிட்டார். ஆனால் எழுதவில்லை. நாற்பது வருடப் பதிவில் ஒரு குடும்பப் பெயரைக்கூட நான் எழுதியதில்லை. இங்கே யாரும் யாரையும் அப்படிக் கூப்பிடுவதில்லை.

திரும்பி வரும்போது, "சென்டிமீட்டர் விடாம அளந்தியேடா," என்றார் அமதோர்.

நவம்பர் 6, காலை 10.20. இயந்திரம் வந்தது. பதினெட்டு நிமிடத்தில் மரம் பக்கவாட்டில் கிடந்தது, துளிர்களோடு. அமதோர் தடுப்புக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார். ஆட்கள் போனதும் குழியோரம் வந்தார்.

"டேப்பு இருக்கா?"

"இருக்கு."

"குழிய அள. இந்தத் தடவையாவது எம்பேரப் போடு."

அளந்தேன். குறுக்கே 4.10 மீட்டர். உரிமை: அமதோர் வோசெஸ்.