தராசுக்கு ஜெபம்

மாமா எனக்காகத்தான் வருகிறார் என்று வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். பின்னே, எங்கள் வீட்டில் படிக்கிறவள் நான் ஒருத்திதானே?

மாமா என்றால் அம்மாவின் தம்பி. மஸ்கெலியாப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்து வீட்டிலேயே பிறந்து, இறையியல் கல்லூரியில் படித்து, அப்போது வெளிநாட்டில் கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தார். சமயமும் அரசியலும் பொருளாதாரமும் தோட்டத்தில் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்பது ஆய்வு. எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: மாமா புத்தகம் எழுதுகிறார், அதில் என் பெயரும் வரும்.

வந்தவர் என் ரிப்போர்ட்டைப் பார்த்து "கெட்டிக்காரி" என்றார். அத்தோடு சரி. மறுநாள் காலையிலேயே அக்காவோடு மலைக்குப் போய்விட்டார். அக்கா பள்ளிக்கூடத்தை விட்டு இரண்டு வருடமாகக் கொழுந்து பறிக்கிறவள். அவளிடம் கேட்க அப்படி என்ன இருக்கிறது? நாலு நாள் போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு அவள் பின்னாலேயே நடந்தார். எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

சனிக்கிழமை நானும் பின்னாலேயே போனேன். கொழுந்து நிறுக்கும் இடத்தில் கணக்கப்பிள்ளை வழக்கம்போல் சாக்குக்கென்று கொஞ்சம், ஈரத்துக்கென்று கொஞ்சம் கழித்துக்கொண்டிருந்தார். இதையெல்லாம் சர்ச்சில் சொல்லி ஜெபிப்பதுண்டா என்று மாமா அக்காவிடம் கேட்டார்.

"தொரைக்கு ஜெபம் பண்றாங்க மாமா. சங்கத் தலைவருக்கும் பண்றாங்க. இந்தத் தராசுக்குத்தான் யாரும் பண்றதில்ல."

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. இன்னொரு தடவை சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார். அவர் முகத்தில் இருந்த அந்த மரியாதை எனக்கு வரவேண்டியது. அதை இவள் பறித்துக்கொண்டாளே என்று ஆத்திரம் வந்தது எனக்கு.

மறுநாள் அறுப்பின் பண்டிகை. பீடத்துக்கு முன்னால் கரட்டும் லீக்ஸும் வாழைக்குலையும் குவிந்து கிடந்தன. சாட்சி சொல்லும் நேரம் வந்ததும் நான் எழுந்தேன். கர்த்தர் என் உள்ளத்தில் உணர்த்தினார் என்று தொடங்கி, அக்கா சொன்னதை எழுத்துப் பிசகாமல் என்னுடையதாகச் சொல்லி முடித்தேன்.

யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசையிலிருந்த கணக்கப்பிள்ளை திரும்பினார். என்னைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்த்தார். மாமா தலையைக் குனிந்துகொண்டார். மனுஷர் நெகிழ்ந்துபோய்விட்டார் என்றே நினைத்தேன்.

திங்கட்கிழமை காலை வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டில் அக்காவை அட்டை மொய்க்கும் மேல்மலைக்கு மாற்றினார்கள். மாமா மலைப்பக்கம் காலெடுத்து வைக்கக் கூடாதென்று ஆபிஸிலிருந்து ஆள் வந்தது. அவர் பையைத் தூக்கிக்கொண்டு ஹட்டன் பஸ் ஏறினார். வருத்தம் இருந்ததா என்றால், இல்லை. இனி அவள் பின்னால் நடக்க மாட்டாரே என்ற நிம்மதிதான் இருந்தது.

இரண்டு வருடம் கழித்துப் புத்தகம் தபாலில் வந்தது. மாமா அதற்குள் வெளிநாட்டிலேயே விரிவுரையாளராகியிருந்தார். முதல் பக்கத்திலேயே, ஆங்கிலத்தில், அந்தத் தராசுப் பேச்சு. அடியில் 'ஒரு தோட்டத் தொழிலாளப் பெண்' என்று மட்டும் இருந்தது. அடுப்படியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த அக்காவிடம் ஓடினேன்.

"ஒம் பேரு இல்ல, பாத்தியா," என்றேன். சந்தோஷத்தை மறைக்கக்கூட இல்லை.

"தெரியும். நாந்தான் போட வேணாம்னேன். கணக்கப்புள்ள இன்னும் தராசுலதான நிக்கிறாரு." ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். "ஒம் பேரப் போடச் சொன்னேன். படிக்கிற புள்ள, நாளைக்கு ஒதவும்னேன். மாமாதான் ஒத்துக்கல."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அக்காவே சொல்லியும் என் பெயரைப் போடவில்லையே இந்த மனுஷர்! அவள் சுடச்சுட எடுத்துப் போட்ட ரொட்டிகளைத் தின்றுகொண்டே, மாமாவை மனதாரத் திட்டிக்கொண்டிருந்தேன்.