மாமா பொறுக்கிப் போட்ட வரிகள்

என் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் பார்க்கிறவர்களுக்குத் தெரியும், காலையில் ஒரு வரி போட்டால்தான் எனக்குப் பல் விளக்கவே கை வரும். படித்ததில் மனசுக்குப் பிடித்த ஒரு வரி. இந்தப் பித்து இன்று நேற்று பிடித்ததல்ல. திண்டுக்கல்லில் எங்கள் அத்தா, அதாவது அப்பா, வைத்திருந்த செருப்புக்கடை வாசலில், ஆறாம் வகுப்பில் பிடித்தது.

கடை வாசலில் ஒரு கரும்பலகை தொங்கும். தள்ளுபடி எழுத வாங்கியது. தள்ளுபடி கொடுக்க அத்தாவுக்கு மனசு வராததால் காலியாகவே கிடந்தது. “நல்லதா நாலு வார்த்தை எழுதிப் போடும்மா, போறவுக வர்றவுக நின்னு படிப்பாக” என்று சாக்பீஸை என் கையில் கொடுத்துவிட்டார்.

நல்ல வார்த்தைக்கு எங்கே போவது? வீட்டிலேயே இருந்தார் மாமா, அம்மாவின் தம்பி. பகலில் தோல் குடோனில் கணக்கு எழுதுவார். மற்ற நேரமெல்லாம் ஒரு மாதப் பத்திரிகைக்குப் புத்தக விமர்சனம். அப்போது விமர்சகர் என்றால் சும்மாவா! கடை முகவரிக்குப் புத்தகத்தைத் தபாலில் அனுப்பிவிட்டு, பரீட்சை எழுதிய பிள்ளைகள் மாதிரி காத்துக் கிடப்பார்கள். மாமாவிடம் பாஸானவர்கள் ரொம்பக் கம்மி. இன்றைக்கு யாரோ ஒரு பெண் போனைப் பார்த்துச் சிரித்தபடி அரை நிமிஷத்தில் அஞ்சு நட்சத்திரம் கொடுத்துவிடுகிறாள். மாமாவிடம் பதிப்பகத்தார் கேட்பதெல்லாம் பின்னட்டையில் போட ரெண்டு வரிப் பாராட்டுத்தான். “கல்யாண வாசல்ல பன்னீர் தெளிக்கக் கூப்பிடுறாக” என்று சிரித்துக்கொள்வார்.

மாமாவின் விமர்சனம் எனக்குச் சுத்தமாகப் புரியாது. ஆனால் நடுநடுவே மேற்கோள் குறிக்குள் சில வரிகள் இருக்கும். பள்ளிப் புத்தகத்தில் பொன்மொழிகளை அப்படித்தானே போட்டிருப்பார்கள்! புத்தகம் பூராவும் தேடி, நல்ல வரிகளாக மாமா பொறுக்கிப் போட்டிருக்கிறார் என்று முடிவு கட்டினேன். கிழிப்பதற்காகத்தான் அவற்றை எடுத்துக் காட்டியிருந்தார் என்பது எனக்கு எப்படித் தெரியும்? தினம் ஒன்றாகப் பலகையில் ஏற்றினேன். மாமா ஒருநாளும் அதைப் பார்த்ததில்லை. தெருவில்கூடப் புத்தகத்தைப் படித்துக்கொண்டே நடக்கிற மனுஷர்.

ஊர் பார்த்தது. பஸ்ஸுக்கு நிற்பவர்கள் வாய்விட்டுப் படித்தார்கள். எதிர்த்த பிரியாணிக் கடை மாஸ்டர் ஒரு வரியைத் தன் கல்யாணப் பத்திரிகையிலேயே அச்சடித்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு சனிக்கிழமை, மாமாவும் கடையில் இருந்த நேரம், வேட்டி கட்டிய ஒருவர் தோளில் சாக்கோடு விறுவிறுவென்று உள்ளே வந்தார். வேர்த்துக் கொட்டியது. சாக்கைத் தொப்பென்று இறக்கினார்.

“நமக்கு அகரம் கிராமம், சம்பங்கித் தோட்டம் போட்டிருக்கேன் பாய். கவிதைப் புத்தகம் ஒண்ணு அனுப்பியிருந்தேன்.”

மாமா எழுந்து நின்றார்.

“மிச்சம் பூராம் இதுல இருக்கு. நீங்க எழுதுனதப் படிச்ச பெறகு வீட்ல வச்சிருக்கக் கூசுது. நீங்களே எடைக்குப் போட்ருங்க. இனிமே பேனாவத் தொடமாட்டேன்.”

அவர் சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. அப்படித் தணிந்து பேசியது எனக்கே ஒருமாதிரி இருந்தது. “மச்சான், டீ சொல்லட்டா?” என்றார் அத்தா. சரக்கு ரிட்டன் வந்திருக்கிறது, அவ்வளவுதான் என்று நான் நினைத்துக்கொண்டேன். கடைக்காரன் மகள் வேறென்ன நினைப்பாள்!

வெளியே இறங்கியவர் அப்படியே நின்றுவிட்டார். பலகையில் என் கையெழுத்தில் இருந்தது: “வெயிலே, எங்கள் ஊருக்கு வந்து வந்து நீயும் கறுத்துப் போனாயே!”

“இது யாரு பாப்பா எழுதிப் போட்டது?”

“நாந்தான்! எங்க மாமா நல்ல நல்ல வரியாப் பாத்து எடுத்து வச்சிருப்பாக. அதுலருந்து எழுதுவேன். இது அம்புட்டுப் பேருக்கும் புடிச்சிருக்கு. அழிக்கவே விடமாட்டேங்கிறாக.”

அவர் மாமாவைத் திரும்பிப் பார்த்தார். “நெசமாவா பாய்?”

அந்த வரிக்குக் கீழே மாமா எழுதியிருந்ததைப் பல வருஷம் கழித்துத்தான் படித்தேன். ‘கறுத்த வெயிலை இவர் எங்கே கண்டாரோ? முதலில் கண் டாக்டரைக் காணட்டும்.’ கழுத்தை நெரித்தாலும் பிடிக்காத புத்தகத்தைப் பிடித்தது என்று சொல்லாதவர் மாமா. அவர் என்னைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், கீழே கிடந்த சாக்கைப் பார்த்தார்.

“ம்” என்றார்.

வந்தவர் உள்ளே ஏறி, சாக்கைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். “அப்ப நான் வாரேன் பாய்” என்றவர், பஸ் ஸ்டாப்பில் நின்றும் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். ரிட்டன் வந்த சரக்கு திரும்பிப் போனதில் எனக்கு ஏக சந்தோஷம்.

செருப்புப் போட்டுப் பார்க்கிற ஸ்டூலில் மாமா உட்கார்ந்தார். “இதுவரைக்கும் என்னென்னம்மா எழுதுன?” என்று கேட்டார்.

எனக்கு எல்லாமே மனப்பாடம். கையைக் கட்டிக்கொண்டு ராகத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பித்தேன். மாமா குனிந்த தலை நிமிரவில்லை. முடித்ததும், “இன்னொருக்கா சொல்லும்மா” என்றார்.

என் ஞாபகசக்தியைத்தான் மெச்சுகிறார் என்று நினைத்தேன். தெருவுக்கே கேட்கட்டும் என்று இன்னும் சத்தமாக, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.