மரகதம் அக்காவும் அந்த அலுமினிய டம்ளரும்

மரகதம் அக்கா இறந்துவிட்டார். காலையில் அவர் மகள் போன் செய்து சொன்னாள்... கை வேலை அப்படியே நின்றுவிட்டது.

மீனாட்சிபுரம் பக்கம் எங்கள் தோட்டத்தில் பல வருடம் களை எடுத்தவர். அப்போதெல்லாம் நான் அவரை அக்கா என்று கூப்பிட்டதில்லை. என்னைவிடப் பத்து வயது மூத்தவர்... எனக்கு வெறும் 'மரகதம்'.

பிறகு பஞ்சாயத்தில் மனித உரிமை ட்ரெயினிங் முடித்து, எங்கள் பெண்கள் குழுவுக்கே வகுப்பெடுக்க வந்து நின்றார். சனிக்கிழமை சாயங்காலம், பால் சொசைட்டி வராந்தாவில்.

நம் தோட்டத்து ஆள் நமக்கே பாடம் எடுப்பதா என்ற கொழுப்பு எனக்கு. போகாவிட்டால் குழுவில் பெயர் இருக்காது என்பதால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு போனேன்.

முதல் நாள் ஒரே ஒரு ஹோம்வொர்க். "அடுத்த வாரம் வர்றப்போ, வேலைக்கு வர்றவங்களுக்கு டீ குடுக்கற டம்ளரை எடுத்துட்டு வாங்க."

நான் ஷோகேஸில் இருந்த புது எவர்சில்வர் டம்ளரைத் துடைத்து எடுத்துப் போனேன். போய்ப் பார்த்தால்... எங்கள் தெருவே அப்படித்தான் வந்திருந்தது. வராந்தா முழுக்கப் பளபளப்பு.

அக்கா என் டம்ளரை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "இது இல்லீங்க அம்மணி. உங்க ஊட்டு டம்ளரு மாட்டுக்கொட்டாய்ல சொருகியிருக்குமுங்க. அலுமினியம். ஒரு பக்கம் நெளிஞ்சிருக்கும்."

பல வருடம் அதில் குடித்தவர் அல்லவா... வீட்டுக்குப் போய் அதை எடுத்து வந்தேன். அதில் டீ ஊற்றி என்னிடமே நீட்டினார்.

வாய்வரை கொண்டுபோனேன். குடிக்க முடியவில்லை. அவமானமாக இருந்தது.

அதன் பிறகுதான் நோட்டைத் திறந்து, தீண்டாமையை ஒழித்த அரசியலமைப்புச் சட்டப் பிரிவை வாசித்தார். "சட்டத்துல இது எப்பவோ முடிஞ்சு போச்சுங்க. உங்க ஊட்டுல எப்ப முடியுமுங்க?"

அன்றே அந்த டம்ளரைத் தூக்கி எறிந்தேன். மாமியார் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

அடுத்த வாரம் அக்கா எங்கள் வீட்டு முன்வாசல் வழியாக வந்து, சேரில் உட்கார்ந்து, நாங்கள் குடிக்கும் டம்ளரிலேயே காபி குடித்தார். மாமியார் விருட்டென்று எழுந்து உள்ளே போய்விட்டார்.

அக்கா பாதியில் எழவில்லை. நிதானமாகக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார். "உங்க அத்தையும் வகுப்புக்கு வருவாங்க பாருங்க. நான் உடமாட்டனுங்க."

பிறகு ஒரு நாள் குழு மொத்தத்தையும் டீக்கடைக்குக் கூட்டிப்போய், எல்லோரையும் பெஞ்சில் உட்காரவைத்து, ஒரே மாதிரி கிளாஸில் டீ கேட்டார். கடைக்காரர் முழித்தார்... கொடுத்தார். அன்றோடு அந்தக் கடையில் தனி கிளாஸ் ஒழிந்தது.

மாமியார் மட்டும் கடைசிவரை வகுப்புப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

இன்று நான் கிளம்பும்போது, "இரு, நானும் வர்றேன்" என்று செருப்பை மாட்டினார். அக்கா வீடு இருக்கும் காலனிக்குள் அவர் கால் வைத்தது இதுதான் முதல் தடவை.

அக்காவின் தலைமாட்டில் தரையில் உட்கார்ந்தார். நல்ல வெயில்... அக்கா மகள் தண்ணீர்ச் சொம்பும் டம்ளருமாக வந்து, கொடுப்பதா வேண்டாமா என்று தயங்கி நின்றாள்.

"குடு கண்ணு" என்று மாமியாரே கையை நீட்டினார். ஒரு டம்ளர் முழுக்கக் குடித்துவிட்டு, டம்ளரை மறுபடி நீட்டினார்.

"இன்னுங் கொஞ்சம் ஊத்து."

வகுப்புக்கே வராத ஆளும் பாஸ், அக்கா. போயிட்டு வாங்க.