பஸ் ஷெட் சுவரில் பாக்கியம்

போன செவ்வாய்க்கிழமை பாலக்காட்டு மார்க்கெட் தெருவில் ஒரு பெயின்டர் ஏணி மேல் நின்று சுவரில் எழுதிக்கொண்டிருந்தார். 'இங்கே எழுதாதீர்கள்.' தமிழில் ஒரு தடவை, மலையாளத்தில் ஒரு தடவை.

நான் காப்பிப்பொடி வாங்கிக்கொண்டு திரும்பினேன். பெயின்ட் இன்னும் காயவில்லை... அதற்குள் பக்கத்தில் கரியால் யாரோ கேட்டிருந்தார்கள் — 'அப்போ நீ மட்டும் எழுதலாமா?'

நியாயமான கேள்விதானே?

கூட வந்த நண்பருக்குச் சிரிப்பு வரவில்லை. "டவுன்காரனுக்கு ஒழுக்கம்கிறதே கெடையாதுங்க" என்று பெருமூச்சு விட்டார். டவுன்காரன், நாட்டுப்புறத்தான் என்று பிரிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஏனென்றால் எனக்கு இன்னொரு சுவரைத் தெரியும்.

இங்கே வருவதற்கு முன் போடிமெட்டுக்கு மேற்கே ஒரு தேயிலை எஸ்டேட்டில் ஃபாக்டரி கிளார்க்காக இருந்தேன் — இந்தப் பகுதியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு இது தெரியும். ரோட்டோரம் ஒரு பஸ் ஷெட். மூன்று பக்கம் சுவர், மேலே தகரம். பஸ் எப்போது வரும் என்று பஸ்ஸுக்கே தெரியாது. பக்கத்தில் காதர் ராவுத்தரின் டீக்கடை. பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்து மனிதர். அவர் கடை அடுப்புக்கரி ஷெட் வாசலில் மூட்டையாக இருக்கும். காத்திருக்கிறவன் என்ன செய்வான்?

முதலில் சினிமா நடிகர்களின் பெயர்கள் வந்தன. பிறகு இந்த மலை மதராஸுக்குச் சொந்தமா, திருவிதாங்கூருக்கா என்ற சண்டை சுவரேறியது. அப்புறம் கங்காணிக்கு ஒரு பட்டப்பெயர். அதற்குக் கீழே ஒரு படம். ஒருவன் எழுதியதைப் பார்த்தால் அடுத்தவனுக்குத் துணிச்சல் வருகிறது. கடைசியில் பெண்கள் அந்த ஷெட்டுக்குள் நிற்பதையே விட்டுவிட்டார்கள். கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு வெளியே மழையில் நிற்பார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதே ஆட்கள் எஸ்டேட் மாரியம்மன் கோயில் சுவரில் ஒரு கோடுகூடக் கிழிக்க மாட்டார்கள். அதுவும் சுவர்தான். அதே சுண்ணாம்புதான்.

ஒருநாள் காலை அந்த ஷெட்டில் புதிதாக ஒரு வரி. 'கம்பவுண்டரின் காதலி நர்ஸ் பாக்கியம்.'

பாக்கியம் என் மனைவியின் தங்கை. மதுரையில் நர்ஸ் படிப்பை முடித்துவிட்டு எங்கள் எஸ்டேட் டிஸ்பென்சரியில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். எங்கள் வீட்டில்தான் தங்கியிருந்தாள். அங்கே மருந்து கலக்கிக் கொடுக்கும் கம்பவுண்டரோ பேரன் பேத்தி எடுத்த மனுஷர். அதனால் என்ன? சுவர் வயசு பார்க்குமா?

சேதி மலை இறங்கிப் போடிக்குப் போய்விட்டது. அங்கே ஏலக்காய்க் கடை வைத்திருந்த என் மாமனார் மறுநாளே பஸ் ஏறி வந்தார். வந்தவர் காப்பியைக்கூடத் தொடவில்லை.

"மாப்ளே, அவளைப் பொட்டியக் கட்டச் சொல்லுங்க. நல்ல எடமாப் பேசிக்கிட்டு இருக்கோம். இது அவுக காதுல விழுந்தா ஒருத்தன் நம்ம வாசப்படி ஏற மாட்டான்."

நான் சுண்ணாம்பு கேட்டு ராவுத்தரிடம் போனேன். அவர் டீ ஆற்றுவதை நிறுத்தவில்லை.

"ஏனுங்க, நானே முன்னாடி வெள்ளையடிச்சுப் பார்த்துட்டனுங்க. வெள்ளையடிச்சா அவனுகளுக்கு எழுதறதுக்கு இன்னும் சௌகரியமாப் போயிருதுங்க."

ஆனாலும் ஒரு வாளி சுண்ணாம்பு கரைத்துக் கொடுத்தார்.

மத்தியானம் பாக்கியம் வீட்டுக்கு வந்தாள். அப்பாவைப் பார்த்ததுமே எதற்கு வந்திருக்கிறார் என்று புரிந்துவிட்டது.

"நான் ஏதும் தப்பு செஞ்சேனாப்பா?"

"நீ செய்யலேன்னு எனக்குத் தெரியும்த்தா. ஊருக்குத் தெரியணுமே."

"இப்ப என்னையக் கூட்டிட்டுப் போனா ஊருக்கு என்ன தெரியும்?"

மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அவள்தான் பேசினாள்.

"பக்கத்து எஸ்டேட்டு லயத்துல பிள்ளைகளுக்கு அம்மை கண்டிருக்கு. வியாழக்கிழமை இங்க நாங்க அம்மை குத்துறோம். அது முடியட்டும்ப்பா. அதுக்கப்புறமும் நீங்க கூப்பிட்டா வர்றேன்."

அம்மை குத்துவது என்றால் தொழிலாளர்கள் குடியிருக்கும் அந்த லயங்களில் லேசான காரியம் இல்லை. ஆத்தா வந்து விளையாடுகிறதை ஊசி வைத்துத் தடுக்கலாமா என்பார்கள். போன தடவை தாய்மார்கள் பிள்ளைகளைத் தேயிலைக் கூடைக்குள் ஒளித்து வைத்தார்கள். ஆபீஸ் வாசலில் இங்கிலீஷில் ஒரு நோட்டீஸ் ஒட்டுவதோடு சரி. அதைப் படிக்கக்கூடியவர்கள் எஸ்டேட்டில் எத்தனை பேர்? அவர்களுக்கெல்லாம் ஏற்கனவே குத்தியாகிவிட்டது.

சாயங்காலம் நான் சுண்ணாம்பு வாளியோடு ஷெட்டுக்குக் கிளம்பினேன். பாக்கியமும் கூட வந்தாள். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அந்த வரியை முதன்முறையாகப் படித்தாள். முகம் சிவந்தது. திரும்பி நடந்துவிடுவாள் என்று நினைத்தேன்.

"அண்ணே, ஒரு கரித்துண்டு குடுங்க" என்று ராவுத்தரிடம் கை நீட்டினாள்.

அவர் மூட்டையில் தேடி நல்ல துண்டாக ஒன்று எடுத்துக் கொடுத்தார். அந்த அசிங்க வரிக்கு நேர் கீழே, பெரிய எழுத்தில் எழுதினாள். 'வியாழக்கிழமை காலை டிஸ்பென்சரியில் அம்மை குத்தப்படும். பிள்ளைகளைக் கூட்டி வாருங்கள். நர்ஸ் பாக்கியம்.'

எழுத்து ஒவ்வொன்றும் நேராக இருந்தது.

"மேல இருக்கிறதை அழிச்சுடட்டுமா?" என்று வெள்ளையடிக்கும் மட்டையைத் தூக்கினேன்.

"இருக்கட்டும் மச்சான். அதைப் படிக்கத்தானே இத்தனை பேர் வர்றாக. அப்படியே கீழயும் படிக்கட்டும்."

வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன். எனக்கு இது சரியாக வரும் என்று தோன்றவில்லை.

மறுநாள் நான் டீக்கடையில் இருந்தேன். கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தி, இடுப்பில் பிள்ளையோடு, ஷெட்டில் நின்ற ஒரு ஆளிடம் கேட்டாள்: "நர்ஸம்மா என்னமோ எழுதியிருக்காகளாமே, படிங்கண்ணே."

அவர் மேல் வரியில் ஆரம்பித்தார். "கம்பவுண்டரின்..." என்றவர் நின்றுவிட்டார். தொண்டையைச் செருமினார். பிறகு கீழ் வரியிலிருந்து படித்தார்.

அன்று முழுக்க இப்படியே நடந்தது. படிக்கத் தெரியாதவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். தெரிந்தவர்கள் மேல் வரியை விழுங்கிக்கொண்டே இருந்தார்கள். எழுதும்போது ஒருவனுக்கு வராத வெட்கம், ஒரு தாயின் முகத்தைப் பார்த்து வாய்விட்டுப் படிக்கும்போது வந்துவிடுகிறது.

அடுத்த நாள் காலையில் பார்த்தால் மேல் வரியைக் காணோம். ஈரத்துணியால் துடைத்த தடம் மட்டும் இருந்தது. "நானில்லீங்க" என்றார் ராவுத்தர். நானும் இல்லை. இன்றுவரை யார் என்று தெரியாது.

வியாழக்கிழமை டிஸ்பென்சரி வாசலில் வரிசை நின்றது. எல்லோரும் வந்துவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். கதவைச் சாத்திக்கொண்ட வீடுகளும் உண்டு. ஆனாலும் கொழுந்து நிறுக்கும் கொட்டகை வரை வரிசை போயிற்று. வேடிக்கை பார்க்க வந்த மாமனாரின் கையில் ஒரு தாய் அழுகிற பிள்ளையைக் கொடுத்துவிட்டு, ஓடிப்போன இன்னொரு பிள்ளையைப் பிடிக்கப் போய்விட்டாள். அவர் அதைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே நின்றார்.

திரும்பி வந்தவள் பிள்ளையை வாங்கிக்கொண்டு, "அய்யா யாரு?" என்று கேட்டாள்.

"நர்ஸுக்கு அப்பன்" என்றார் மாமனார். வரிசைக்கே கேட்கிற மாதிரி.

மறுநாள் அவர் தனியாகத்தான் பஸ் ஏறினார். பெட்டியைப் பற்றிய பேச்சை யாருமே எடுக்கவில்லை.

எங்கள் லயங்களில் அந்த வருஷம் அம்மை பரவவில்லை. சுவரும் கொஞ்சம் கொஞ்சமாக மாறிற்று. 'மண் சரிவு, மூணாறு பஸ் இன்று இல்லை' என்று ஒருநாள் யாரோ எழுதினார்கள். 'கறுப்பு ஆடு காணோம்' என்று இன்னொரு நாள். நடிகர்கள் அவரவர் இடத்தில் அப்படியே இருந்தார்கள். எல்லைச் சண்டையும் இருந்தது. படங்கள் மட்டும் நின்றுபோயின. மழைக்காலம் வந்தபோது பெண்கள் ஷெட்டுக்குள் நின்றார்கள்.

அந்த ஆட்கள் ஒரே மாதத்தில் உத்தமர்களாகிவிட்டார்களா? இல்லை. மனுஷன் போகிற இடத்தைப் பார்த்துத்தான் நடந்துகொள்கிறான். குப்பைமேடாக இருந்தால் இன்னும் ஒரு கூடை கொட்டுவான். நாலு பேருக்குப் பயன்படுகிற இடம் என்று தெரிந்தால் கொஞ்சம் ஒதுங்கி நிற்பான்.

பாக்கியத்தின் பெயரை எழுதியவன் யார் என்று நான் ரொம்ப நாள் விசாரித்தேன். அவள் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அன்றைய வரிசையில் அவனும் தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நின்றிருக்கலாம்... நின்றிருந்தால், அந்தப் பிள்ளைக்கும் அவள் வலிக்காமல்தான் குத்தியிருப்பாள்.