இஞ்சிப் பியருக்கு எவ்வளவு செலவழிக்கலாம்

பக்கத்து வீட்டு லார்ஸ் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, நாளைக்குத் தன்னோடு ‘பிரிக்கெ’ வருகிறேனா என்று கேட்டார். நோர்வேஜிய மொழியில் பிரிக்கெ என்றால் படகுத்துறை. கடற்கரையூரான தொண்டைமானாற்றில் பிறந்தவனைத் துறைக்குக் கூப்பிட்டால் வேறென்ன யோசிப்பான்? விடிந்ததும் தூண்டிலும் ரப்பர் சப்பாத்துமாகப் போய் நின்றேன். லார்ஸ் கராஜுக்குள் ஒரு பெரிய எஃகுப் பானையில் வாற்கோதுமையைக் கொதிநீரில் கிண்டிக்கொண்டிருந்தார். என் தூண்டிலைப் பார்த்துவிட்டு, “இதுக்குள்ளை மீன் இல்லை” என்றார். வீட்டில் பியர் வடிப்பதற்கும் அந்தச் சொல்தானாம். தூண்டிலைச் சுவரில் சாத்திவிட்டு அகப்பையை வாங்கினேன். எங்கள் ஊரில் பொலிசுக்குப் பயந்து பற்றைக்குள் கசிப்பு, அதாவது கள்ளச்சாராயம், காய்ச்சுகிற மாதிரியான வேலையை இங்கே கராஜ் கதவைத் திறந்து வைத்து, போகிற வருகிறவர்களுக்குக் கைகாட்டியபடி செய்கிறார்கள்.

இந்த நாட்டில் கடைப் பியருக்குக் கொடுக்கிற காசு நெஞ்சைச் சுடும். அதனால் வீட்டில் வடிக்கத் தொடங்குகிற எவரும் முதலில் சொல்வது, “மிச்சம் பிடிக்கத்தான்” என்பது. நானும் மனைவி சுகந்தியிடம் அதையே சொன்னேன். முதலில் ஒரு வாளியும் குழாயும் வாங்கினேன். பிறகு போத்தல் மூடும் கருவி. பிறகு, தானாகச் சூடேறி, தானாகச் சுற்றி, தானாக நிற்கும் எஃகு மிசின். அதற்கு என் ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பங்கு போனது. சுகந்தி பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தாள். “உந்தக் காசுக்கு எத்தினை வருசத்துக்குப் பியர் வேண்டிக் குடிக்கலாம்?” என்று கேட்டாள். மனதுக்குள் கணக்குப் பார்த்தேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நிலவறைக்கு இறங்கினேன். கதை எப்படியோ தொலைபேசி வழியாக ஊருக்கும் போய்ச் சேர்ந்தது. சிவசம்புச் சித்தப்பா சன்னதி முருகன் கோயில் வாசலில் நின்று, “எங்கடை பெடியன் நோர்வேயிலை கசிப்புக் காய்ச்சுறானாம்” என்று சொன்னதாக அக்கா அழுதாள்.

போன வருடம் அக்காவின் புது வீட்டுக் குடிபூரலுக்கு நாங்கள் இருவரும் ஊருக்குப் போனோம். இடம்பெயர்ந்து, பிறகு வாடகை வீடு வாடகை வீடாக மாறி, கடைசியில் தன் காணியில் தான் கட்டிய முதல் வீடு அவளுக்கு அது. வாசலில் கால் வைத்ததுமே, “ஒருத்தரோடையும் உந்தப் பியர்க்கதை கதைக்காதை, தம்பி” என்றாள். நான் வேறொன்று கேட்டேன். வருகிற சனத்துக்குக் கடைச் சோடா கொடுக்காமல் நான் இஞ்சிப் பியர், பெயரில் மட்டும் பியரான இஞ்சிச் சோடா, செய்து தரட்டுமா என்று. அக்கா முகம் இருண்டது. அது பிழையாய்ப் போனால் சனம் வீட்டைப் பாராது, அந்தச் சோடாவைத்தான் கதைக்கும். மீன்பிடிப் படகு வைத்திருக்கும் அத்தான்தான், “செய்யட்டும், விடும்” என்றார்.

மிசின் நோர்வேயில் இருந்தது. கொண்டு போனது இரண்டே பொருள்கள். ஒன்று, நீரில் இனிப்பு எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் சின்னக் கண்ணாடி மிதவை. மற்றது, உடைந்த அப்பளத்தூள் மாதிரிக் காய்ந்த ஈஸ்ட். லார்ஸின் தாயாருடைய ஊரில் பண்ணைக்குப் பண்ணை கைமாறி வந்ததாம். “இதுக்குக் குளிர் பிடிக்காது, நல்ல வெக்கை வேணும்” என்று சொல்லித்தான் தந்திருந்தார். மிச்சமெல்லாம் ஊர்ச் சாமான். குடிபூரலுக்கு முதல்நாள் பக்கத்து வீட்டுக் கிடாரத்தை, விசேஷங்களுக்குச் சோறு காய்ச்சும் பெரிய அண்டாவை, இரவல் வாங்கி இஞ்சியும் பனங்கட்டியும் போட்டுக் காய்ச்சினோம். மூடி போட்ட புதுப் பிளாஸ்ரிக் பரலில் ஆறவிட்டு, எலுமிச்சம் புளி விட்டு, ஈஸ்டைத் தூவினேன். கழுவிக் காயவைத்த பிளாஸ்ரிக் சோடாப் போத்தல்களில் சுகந்தி நிரப்பினாள். கண்ணாடிப் போத்தலென்றால் காற்றுக் கூடி வெடித்தால்தான் தெரியும், பிளாஸ்ரிக்கைக் கையால் அமத்திப் பார்த்தாலே போதும்.

அன்றைய வெயிலில் முற்றத்து மணலில் கால் வைக்க முடியவில்லை. நோர்வேயில் வாரக்கணக்கில் சோம்பிக் கிடக்கிற வேலை இங்கே மறுநாள் காலமைக்குள் முடிந்துவிட்டது. போத்தல்கள் கல்லு மாதிரி இறுகியிருந்தன. இனி ஈஸ்டைக் குளிரில் உறங்க வைக்காவிட்டால் மூடிகள் பறக்கும். ஒரு போத்தலைத் திறந்து வாயு போக ஆற்றி, மிதவையை விட்டுப் பார்த்தேன். குறைகிற இனிப்புத்தான் மதுவின் வெறியாக மாறும்; இதில் அது சிறிதளவே குறைந்திருந்தது. அதற்குள் அத்தான் மீன்துறை ஐஸ் கட்டிகளோடு வந்து இறங்கினார். “மரக்கறிச் சாப்பாட்டு வீட்டிலை மீன் ஐஸோ?” என்று அக்கா தலையில் கை வைத்தாள். “ஐஸ் அடிக்கிற வாடியிலை இருந்து நேரை வாறன், மீன் இன்னும் உதைக் காணேல்லை” என்றார் அத்தான். ஐஸ் உருகாமல் காக்கும் புது ரெஜிபோம் பெட்டிகளில் போத்தல்களை அடுக்கி ஐஸால் மூடினோம். பால் பொங்கி முடிந்தபோது ஒன்றுகூட வெடித்திருக்கவில்லை.

முதல் கோப்பையைச் சிவசம்புச் சித்தப்பாவிடமே கொண்டு போனேன். சபை பார்த்துக்கொண்டிருந்தது.

“உதிலை வெறி இருக்கோ?” என்று கேட்டார்.

“பழஞ்சோத்துத் தண்ணியிலை இருக்கிற அளவு இருக்கும், சித்தப்பா. அளந்து பாத்தனான்.”

அவர் மணந்தார். ஒரு மிடறு குடித்தார். இஞ்சி தொண்டையைப் பிடித்ததும் கண்ணை மூடித் திறந்தார். பிறகு கோப்பையை ஒரேயடியாக வெறுமையாக்கி என்னிடம் நீட்டினார். மூன்றாவது கோப்பையோடு, “உதுக்கு மிசின் என்ன விலை?” என்றார்.

“மிசின் இல்லை. கிடாரம், அதுவும் இரவல்.”

“அப்ப என்ரை பேத்தியின்ரை கலியாணத்துக்கும் நீதான் வந்து செய்யோணும்” என்றார் சபை கேட்க. அக்கா அடுப்படி வாசலில் நின்று சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். அதன் பிறகு அவள் ஒவ்வொரு பந்தியிலும் தானே போத்தலைத் தூக்கிக்கொண்டு போய், “தம்பி செய்தது” என்று ஊற்றினாள். மத்தியானத்துக்கு முன் பெட்டிகளில் ஐஸ் தண்ணீர் மட்டுமே மிஞ்சியது.

இங்கே நோர்வேயில் வீட்டு வடிப்பில் இறங்க நினைக்கும் நம்மவர்கள் எவ்வளவு காசு போடலாம் என்று என்னைக் கேட்பதுண்டு. முதலில் இரவல் பானையில் காய்ச்சுங்கள் என்பேன். துப்புரவுக்கும் அளவைக்கும் கஞ்சத்தனம் வேண்டாம். மினுங்குகிற எஃகுக்கு, வீட்டுக்காரி சரி சொல்லும் வரை பொறுங்கள். திரும்பி வரும் விமானத்தில் நான் சுகந்தியிடம், “அந்த மிசினை வித்துப்போடுவமோ?” என்று கேட்டேன். “ஏன் விக்கிறியள்? அங்கை இரவலுக்குக் கிடாரம் ஆர் தருவினம்?” என்றாள். எனக்கு அதைவிடப் பெரிய பரிசு எந்தப் போட்டியிலும் கிடைத்திராது.

நோர்வேக்குத் திரும்பி வந்த பிறகு வாங்கியது ஒரே ஒரு சாமான். இஞ்சிப் பியர் நொதிக்கும் பீப்பாவைச் சுற்றிக் கட்டும், மின்சாரத்தில் சூடாகும் ஒரு பட்டி. வெளியே பனி சன்னல் வரை ஏறிக் கிடக்கிறது. நிலவறைச் சீமெந்துத் தரையில் இரண்டு சோடி காலுறை போட்டும் எனக்குக் கால் விறைக்கிறது. பீப்பாவில் கையை வைக்கிறேன். உள்ளே தொண்டைமானாற்று மத்தியான வெயில். ஒரு கை அங்கே சுட, இரண்டு கால்களும் இங்கே குளிர, இஞ்சி மணத்தில் நின்றுகொண்டே இருக்கிறேன்.