டில்லிபாபுவின் ஓட்டும் என் வலது விரலும்

தேர்தலன்று நான் கள்ள ஓட்டுப் போடப் பார்த்தேன். அதுவும் அதிகாரியே கூப்பிட்டு, மை பாட்டிலைத் திறந்து வைத்துக்கொண்டு...

கூட வந்தவன் டில்லிபாபு. கரையான்சாவடியில் என் பக்கத்து வீடு. அம்பத்தூரில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. பிறவியிலேயே செரிப்ரல் பால்ஸி — தமிழில் பெருமூளை வாதம். கை ஒரு பக்கம் இழுக்கும், கால் ஒரு பக்கம் போகும், பேச்சு மெதுவாக நெளிந்து வரும். முக்கியமான விஷயம், நான் ஒரு கட்சி, அவன் நேர் எதிர்க்கட்சி.

நான் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தேன். அடுத்து அவன். அதிகாரி அவனைப் பார்த்தார். உடனே என்னைப் பார்த்தார்.

“நீங்கதானே துணைக்கு வந்தது? இவர் ஓட்டை நீங்களே போட்டுடுங்க சார். வலது கை நீட்டுங்க.”

துணையாகப் போடுகிறவருக்கு வலது விரலில் மையாம்! இடது விரலில் என் மை இன்னும் காயவில்லை. கட்சிக்கு இன்னொரு ஓட்டு சும்மா கிடைக்கிறது... உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் வலது கை பாதி தூரம் போய்விட்டது.

டில்லி ஏதோ சொன்னான். “என்ன சொல்றாரு?” என்று அதிகாரி என்னைத்தான் கேட்டார்.

“தானே போடுவாராம் சார்.”

“முழுசா... சொல்லு மாமே!” என்றான் டில்லி.

வேறு வழி? “நான் ஃபிராடாம் சார். என் கையில விட்டா பட்டனை மாத்தி அமுக்கிடுவேனாம்.”

எல்லாக் கட்சி ஏஜென்ட்டுகளும் ஒன்றாகச் சிரித்தார்கள். அதிகாரி மட்டும் குரலைத் தாழ்த்தி, “இல்ல சார், இவருக்கு விவரம் புரியுமா...” என்றார். தாழ்த்தி என்ன பயன்? டில்லிக்குக் காது நன்றாகவே கேட்கும்.

“சார்... பாடி ஜங்ஷன்ல... சிக்னல் புட்டுகிச்சின்னா இன்னா ஆவும்? வண்டிங்க... கண்டபடி போவும். என் கையி காலு அவ்ளோதான். அதுக்காக... வண்டில குந்தினுகீறவனுக்கு... போற எடம் தெரியாதா?”

இந்த முறை அவருக்கே புரிந்தது. மையோடு டில்லி பக்கம் திரும்பினார்.

அவரை மட்டும் குறை சொல்வானேன்? அறிமுகமான முதல் நாள் டில்லியிடம் குழந்தையிடம் கேட்பதுபோல, “சாப்...ட்டாச்சா?” என்று கத்தியவன் நான். இந்தப் பெருமூளை வாதத்தில் எல்லோருக்கும் அடிபடுவது, தசைகளுக்கு உத்தரவு போடும் இடம். சிலருக்குப் புரிந்துகொள்வதிலும் சிரமம் இருக்கலாம், பலருக்கு இல்லை. அவர்களிடமே கேட்டால் தெரிந்துவிடும். நாம்தான் எப்போதும் கூட நிற்பவனைக் கேட்கிறோமே!

டில்லி மறைப்புக்குப் பின்னால் போனான். ஒரு நிமிடம்... இரண்டு... க்யூவில் யாரோ உச்சுக் கொட்டினார்கள். கை இழுத்துத் தப்பான பட்டனில் பட்டுவிட்டால்? அது என் கட்சிப் பட்டனாகவே இருந்தாலும் வேண்டாம் என்று, வாழ்க்கையில் முதல் முறையாக வேண்டிக்கொண்டேன்.

பீப் சத்தம் கேட்டது. முகமெல்லாம் பல்லாக வெளியே வந்தான். “ஒன்னோட ஓட்டு... காலி மாமே!”

வாஸ்தவம்தான். என் ஓட்டும் அவன் ஓட்டும் அடிபட்டுப் போய்விட்டன. முக்கால் மணி நேரம் இரண்டு பேர் வெயிலில் நின்றதில் நாட்டுக்கு லாபம் சைபர்.

ஆனால், அந்த சைபரில் பாதி டில்லி தன் கையால் போட்டது!