சுவரைப் பார்த்த மோட்டார்

ஓர் அட்டை விசிறியால் ஒரு பெண்ணின் வேலை போகப் பார்த்தது. சென்ற வெள்ளிக்கிழமை நடந்த சங்கதி. அந்தப் பாவத்தில் எனக்கும் நான்கு வரிப் பங்கு உண்டு என்பதால், இந்த வாரம் அதை எழுதித் தீர்த்துவிடுகிறேன்.

நம் சங்கரன்கோவிலில் நீர்மூழ்கி மோட்டார் விற்கும் கம்பெனி ஒன்றின் கிளை அலுவலகம் இருக்கிறது. மேனேஜர் சென்னைக்காரர். பெயர் கார்த்திக் என்று வைத்துக்கொள்வோம். ஆனி மாதக் கடைசியில் என்னை அழைத்தார். ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வரும் கூட்டத்துக்கு இலவசமாக விசிறி கொடுக்கப் போகிறார்களாம். ஒரு பக்கம் கோமதி அம்பாள். மறுபக்கம் மோட்டார், அதன் கீழே ஃபோனில் ஸ்கேன் செய்யும் கட்டம். அம்பாளைப் போற்றி ஒரு வெண்பா வேண்டும். அடியில் என் பெயரும் வரும்.

"வெயில்ல நிக்கிறவங்க வீசிக்கிட்டே இருப்பாங்க ஐயா. ஒவ்வொரு வீச்சுக்கும் எதிர்ல நிக்கிறவர் கண்ணுல நம்ம பிராண்டு படும். நடமாடுற ஹோர்டிங்."

அந்த மீட்டிங்கில் எஸ்தரும் இருந்தார். பனவடலிசத்திரத்துப் பெண். விற்பனைப் பிரிவில் சேர்ந்து நான்கு மாதம். ப்ரொபேஷன் முடிய இன்னும் இரண்டு மாதம்.

"சார், அம்மன் படம் போட்டா யாரும் வீச மாட்டாங்க. கண்ணுல ஒத்திக்கிட்டு வீட்டுக்குக் கொண்டு போயிருவாங்க."

கார்த்திக் சிரித்தார். "நீங்க சண்டே சர்ச்சுக்குப் போறவங்க. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எங்க தெருவுல வந்து பழைய காலண்டரைப் பாருங்க சார். தாளைக் கிழிச்சிருவாங்க. அம்மன் படத்தைக் கிழிக்க மனசு வராது. பக்கத்து வீட்டுல ஒரே சுவத்துல ஆறு அம்மன் தொங்குது."

"ஐயா சொல்லட்டும்" என்று கார்த்திக் என் பக்கம் திரும்பினார். "ஐயாவுக்குத் தெரியாத பக்தியா?"

தெரியாமலா? எஸ்தர் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை. அம்பாளின் திருமுகத்தை ஆட்டிக் கழுத்து வேர்வையை ஆற்றிக்கொள்ள இந்தப் பக்கத்தில் எவருக்குத் துணிச்சல் வரும்? ஆனால்... படம் வேண்டாம் என்றால் பாட்டும் வேண்டாம் என்றாகிவிடுமே. பத்தாயிரம் விசிறி. பத்தாயிரம் இடத்தில் என் பெயர்.

"தாராளமாகச் செய்யலாம்" என்றேன்.

'நான்' என்னும் முனைப்பை அறுக்கச் சொல்லும் திருப்பாடல்களை அறுபது வருடமாக நாள் தவறாமல் பாராயணம் செய்கிறவன் நான். அன்று காலையிலும் செய்துவிட்டுத்தான் போயிருந்தேன்.

விசிறி அச்சாகி வந்தது. வெண்பா, மோட்டாருக்குக் கீழே இருந்தது. "அம்பாள் பக்கம் ஃப்ரீயா இருக்கட்டும்னு டிசைனர் ஃபீல் பண்ணார் ஐயா" என்றார் கார்த்திக். அதனால் என்ன... பெயர் பளிச்சென்று தெரிந்தது.

தபசு நாள். அம்பாள் வரும்போது காணிக்கையாக வீசி எறிவதற்குத் தங்கள் நிலத்தில் விளைந்த பருத்தியும் மிளகாய் வத்தலும் மடியில் கட்டிக்கொண்டு சம்சாரிகள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். எஸ்தர் விசிறி கொடுத்துக்கொண்டே போனார். என் வெண்பாவை ஜனங்கள் வாசிக்கும் அழகைக் காண நானும் பின்னால் போனேன்.

ராயகிரிக்காரர் ஒருவர் வாங்கினார். கண்ணில் ஒற்றினார். சட்டைக்குள் பத்திரமாகச் செருகினார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து வீசிக்கொண்டார்.

"அண்ணாச்சி, வீசத்தான் குடுக்கோம்" என்றார் எஸ்தர்.

"அம்பாளை வச்சா வேர்வைக்கு வீசச் சொல்லுத? நல்லாருக்கும்மா உங்க கம்பெனி. அடுத்தாப்ல செருப்புல போடுவீய போல."

பக்கத்தில் நின்றவர் அவரை இடித்தார். "வே, பேச்சு கெடக்கட்டும். எனக்கும் ஒண்ணு வாங்கும். வீட்டுல கேப்பா."

பத்தாயிரமும் தீர்ந்தது. ஒன்றைக்கூட யாரும் வீசவில்லை.

அந்தக் கட்டத்தை ஸ்கேன் செய்தவர்கள் மொத்தம் மூன்று பேர். ஒருவர் கார்த்திக். ஒருவர் எஸ்தர். மூன்றாமவர்... வேறு யார், நான்தான். உள்ளேயும் வெண்பா இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை.

காரணம் கண்டுபிடித்து வர எஸ்தரை ஊர் ஊராக அனுப்பினார் கார்த்திக். வந்ததும் ரிவ்யூ மீட்டிங். அதுதான் சென்ற வெள்ளிக்கிழமை. தீபாவளி நோட்டீஸுக்கு வெண்பா பேச என்னையும் வரச் சொல்லியிருந்தார்.

இந்த 'ஹெட் ஆபீஸ்' என்பதைப் பற்றி ஒரு வார்த்தை. அதற்கு உருவம் கிடையாது. எங்கும் நிறைந்திருக்கும். மெயிலில் மட்டும் காட்சி தரும். அதன் கோபத்துக்கு அஞ்சி மேனேஜர்கள் முதலில் செய்யும் காரியம், கையில் அகப்படும் யாரையாவது பலி கொடுப்பது. கார்த்திக் தயார் செய்திருந்த ரிப்போர்ட்டை எல்லோர் முன்பும் வாசித்தார்: திட்டம் அருமை, களப்பணியாளர் சரியாகச் செயல்படுத்தவில்லை.

"இந்த நிலைமையில உங்க கன்ஃபர்மேஷனுக்கு நான் எப்படி சிபாரிசு பண்றது எஸ்தர்?"

எஸ்தர் கையிலிருந்த ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தார். சுற்றி உட்கார்ந்திருந்த ஐந்து பேரும் ரிப்போர்ட்டுக்குத் தலையாட்டினார்கள். அடியார்களில் எத்தனையோ வகை உண்டென்று படித்திருக்கிறேன். ஆபீஸ் அடியார்கள் ஒரே வகை.

எனக்குப் பொறுக்கவில்லை. என் தலையும் முன்பு ஆடிய தலைதானே.

"இந்தப் பெண் அன்றைக்குச் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும் சார்" என்றேன். "என் பாட்டு அச்சாக வேண்டுமே என்று வாயை மூடிக்கொண்டேன். அந்த விசிறி என் பூஜை அலமாரியில்தான் இருக்கிறது. அம்பாள் எங்களைப் பார்க்கிறாள். உங்கள் மோட்டார் சுவரைப் பார்க்கிறது. ரிப்போர்ட்டில் யார் பெயராவது வேண்டுமென்றால் என் பெயரைப் போடுங்கள்."

எஸ்தர் ஃபோனை மெல்ல மேஜை மேல் நகர்த்தினார். "நான் போன வீட்டுல எல்லாம் இப்படித்தான் இருக்கு சார்."

படம் படமாகத் தள்ளிப் பார்த்தார் கார்த்திக். பூஜை அலமாரிகள். விளக்குக்குப் பின்னால் விசிறி. திருநீற்றுத் தட்டின் பக்கத்தில் விசிறி. விசிறிக்குச் சந்தனம், குங்குமம், முல்லைப் பூ... அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மலர்ந்தது.

"அப்ப நம்ம பிராண்டு... எல்லா வீட்டுலயும் பூஜை ரூமுக்குள்ள போயிருக்கு."

மோட்டார் சுவரைப் பார்த்து நிற்கிறது என்பதை அவருக்கு நினைவூட்ட வாய் திறந்தேன். எஸ்தர் என்னைப் பார்த்தார். மூடிக்கொண்டேன். இந்த முறை மூடியது தர்மம்.

ரிப்போர்ட் திருத்தி எழுதப்பட்டது: வாடிக்கையாளர் இல்லத்தின் மிகப் புனிதமான இடத்தில் நம் நிறுவனம். ஹெட் ஆபீஸ் உச்சி குளிர்ந்து கார்த்திக்குக்குப் பாராட்டு மெயில் அனுப்பியது. எஸ்தரின் கன்ஃபர்மேஷனும் வந்துவிட்டது. அந்தப் படங்கள் யார் எடுத்தவை என்று மட்டும் ரிப்போர்ட்டில் எங்கும் இல்லை.

ஆபீஸ் போகும் வாசகர்களே, மேலதிகாரியிடம் உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். அவர் அதைத் தன் வெற்றியாக மேலே அனுப்புகிற மாதிரி சொன்னால் பிழைத்தீர்கள். அது சாமர்த்தியம். ஆனால் பக்கத்து நாற்காலியில் ஒருவர் உண்மையைச் சொல்லும்போது, உங்களுக்கும் அது தெரிந்திருந்தால், 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். அதற்குச் சாமர்த்தியம் வேண்டியதில்லை. நான் அன்றைக்கே சொல்லியிருந்தால் ஒரு பெண் ஒரு மாதம் வயிற்றில் நெருப்போடு ஊர் ஊராக அலைந்திருக்க வேண்டாம்.

படி இறங்கும்போது எஸ்தரிடம் மன்னிப்புக் கேட்டேன். "போகுது ஐயா, விடுங்க" என்றார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். பழைய முனைப்பு விடுமா?

"நீ போன வீடுகளில் யாராவது என் வெண்பாவைப் பற்றி..."

எஸ்தர் சற்றுத் தயங்கினார். "ஐயா... அது மோட்டார் பக்கம்லா இருந்துச்சு."

ஆடி மாதத்திலிருந்து என் வெண்பாவைச் சுவர்கள் வாசித்துக்கொண்டிருக்கின்றன.